சாம்பல் நிறப் பொத்தான்

லிஃப்ட்காரர் வீட்டில் போன வாரம் பற்றிக்கொண்ட நெருப்பு இந்த வாரமும் அணையவில்லை. மூட்டு ஆபரேஷன் முடிந்ததும் மூத்தவள் வீட்டில்தான் போய்ப் படுப்பேன், உங்களிடம் கிடந்து ஒரு டம்ளர் தண்ணீருக்குக் கெஞ்ச மாட்டேன் என்று மனைவி சொன்னதிலிருந்து அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டிருந்தன. தட்டு மேஜையில் விழுகிற சத்தத்தை வைத்தே அன்றைய கோபத்தின் அளவை அவர் தெரிந்துகொள்வார்.

மூத்தவள் என்றால் அவருடைய மகள். புருஷனை விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து நின்றவளைப் பார்த்து, பின்னாலேயே வந்துவிட்ட அந்தப் புருஷனையும் வைத்துக்கொண்டு, "தப்பு உன் பேர்லதான் இருக்கும்" என்று சொன்னவர் இவர். பெட்டியைக் கீழே வைக்காமல் அப்படியே திரும்பிப் போனவள் அவள். போகும்போது மாடிப்படியில் நின்று, "உங்களுக்குக் குடும்பத்து மேல அக்கறையே இல்லை" என்று மட்டும் சொன்னாள். அன்றோடு சரி. அவளுக்கு அப்பா இல்லை, இவருக்கு மகள் இல்லை. தாய்க்காரிக்கு மட்டும் இரண்டு பேரும் இருந்தார்கள். அது அவள் தலையெழுத்து.

காலையில் சின்னவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே ஒரு சேதி சொன்னான். ஏதோ ஒரு கம்பெனியில் வெப்சைட் செய்கிறார்களாம். வயதான ஒருவரை அதன் முன்னால் உட்கார வைத்து, அவர் வாயில் வருவதை எல்லாம் கேட்டுக்கொள்வார்களாம். எவ்வளவு திட்டினாலும் பதில் பேச மாட்டார்களாம், அது அவர்கள் தொழில் விதியாம். இன்றைக்கு வரவேண்டிய ஆள் கைவிட்டுவிட்டான், உடனே ஒருத்தர் வேண்டும்.

"திட்டுறதுக்கு ஆள் தேடுறாங்கப்பா," என்றான்.

லிஃப்ட்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். இத்தனை வயதில் அவருடைய திட்டை யாரும் ஆளனுப்பிக் கேட்டதில்லை. அதோடு வெப்சைட் என்கிற வர்க்கத்தின் மேலேயே அவருக்குத் தீராத பகை. கரண்ட் பில் கட்டப் போனால் கடவுச்சொல் கேட்கும். அதைப் போட்டால் நீ மனிதன்தானா என்று கேட்கும். மனிதன்தான் என்று நிரூபிக்க, கட்டம் கட்டமாகப் படங்களைப் போட்டு எதிலெல்லாம் விளக்குக் கம்பம் இருக்கிறது என்று தேடச் சொல்லும். தேடி முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது என்று முதல் பக்கத்துக்கே விரட்டிவிடும். பிச்சைக்காரனைக்கூட யாரும் வாசலில் வைத்து இப்படிக் கேள்வி கேட்பதில்லை என்பது அவர் கட்சி.

யார் கம்பெனி என்று கேட்டார். தெரிந்தவர்கள்தான் என்று சின்னவன் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துச் சொன்னான். கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லத் தெரியாதவன் அவன். அன்று சமையலறையில் தட்டு சத்தமில்லாமல் வைக்கப்பட்டதும் அவர் காதில் விழத்தான் செய்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். திட்டப் போகிற குஷியில் விட்டுவிட்டார்.

கம்பெனி ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. லிஃப்டில் ஏறியதும், காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த பழக்கதோஷத்தில் சுவரைத் தட்டிப் பார்த்தார். பக்கத்தில் ஒரு பெண் கதவு மூடுகிற பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரர் உதட்டுக்குள் சிரித்துக்கொண்டார். எதற்குச் சிரிப்பு என்று சின்னவன் கேட்கவில்லை. அவன் முகம் ஏற்கெனவே வெளுத்திருந்தது.

மேலே போனதும் வெள்ளை ஷூ போட்ட ஒருத்தன் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினான். அந்த இடத்துக்கே அவன்தான் பெரியவனாம். சின்னவனைவிட ஒரு நாலைந்து வயது கூட இருக்கும். பிடித்த கையை விடாமல், சார் மாதிரி ஆள்தான் எங்களுக்கு வேண்டும் என்று பல்லெல்லாம் தெரியப் பேசினான். இவ்வளவு மரியாதை தருகிறவன் எதையோ திருடப் போகிறான் என்று லிஃப்ட்காரருக்குப் பட்டது.

அவனுக்குப் பின்னால், கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு மூத்தவள் வந்து நின்றாள்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் தம்பியைப் பார்த்தாள். வயசான ஒருத்தரை அனுப்பி வை என்று அவள் தம்பியிடம்தான் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. யாரை அனுப்பக் கூடாது என்று சொல்லவில்லை. சின்னவன் நகர்ந்து ஒரு தொட்டிச் செடிக்குப் பின்னால் போய் நின்றான். இலைகளுக்கு நடுவில் அவன் காது மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

இவர் உங்கள் சொந்தக்காரர் இல்லையே, சொந்தக்காரரை உட்கார வைத்தால் சோதனை செல்லாது, சாயங்காலம் கூட்டத்தில் கேட்பார்கள் என்று வெள்ளை ஷூக்காரன் அவளிடம் சொன்னான்.

"தெரியாதவர்தான்," என்றாள் மூத்தவள். "உள்ள வாங்க சார்."

லிஃப்ட்காரர் அங்கேயே திரும்பியிருக்கலாம். திரும்பினால், இவளை எனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தத் திருப்தியை அவளுக்குத் தருவதற்கு அவர் தயாராக இல்லை.

"சரிங்க மேடம்," என்று உள்ளே போனார்.

குளிர் அடிக்கிற சின்ன அறை. ஒரு மேஜை, கம்ப்யூட்டர், மேஜை மேல் ஒரு மைக், மூலையில் கேமரா. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. அதற்குப் பின்னால் வெள்ளை ஷூக்காரனும் இன்னும் சிலரும் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று மூத்தவளே சொன்னாள். சொல்லிவிடுவதும் விதியாம். குற்றவாளியை அடையாளம் காட்ட வருகிறவனை உட்கார வைக்கிற இடம் மாதிரி இருந்தது.

அவள் எதிரே உட்காராமல் பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"நாங்க உங்களைச் சோதிக்கல சார், இந்தப் பக்கத்தைத்தான் சோதிக்கிறோம். மனசுல என்ன தோணுதோ அதை அப்படியே சத்தமா சொல்லிக்கிட்டே இருக்கணும். நான் உதவி செய்யக் கூடாது. பதில் சொல்லவும் கூடாது."

"நான் என்ன சொன்னாலுமா?"

"என்ன சொன்னாலும்."

லிஃப்ட்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வேலை இதுதான். போனிலேயே டாக்டரிடம் பேசுகிற 'வீட்டு டாக்டர்' என்று ஒரு திட்டம். அதில் அவர் ஏற்கெனவே சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது வேண்டாம் என்று தோன்றிவிட்டது. இந்த வெப்சைட்டில் வழி கண்டுபிடித்து வெளியே வர வேண்டும். முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்லி எழுந்துகொள்ளலாம்.

முதல் பக்கத்தில் ஒரு வயதான ஜோடி சிரித்துக்கொண்டிருந்தது. இந்த வயதில் இத்தனை பல் வைத்திருக்கிறவர்களுக்கு டாக்டர் எதற்கு என்று லிஃப்ட்காரர் மைக்கில் கேட்டார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் யாரோ சிரித்தது லேசாகக் கேட்டது. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பச்சை நிறத்தில் பாய் அகலத்துக்கு ஒரு பொத்தான், 'தொடர்ந்து பயன்பெறுங்கள்' என்று. இன்னொன்று, 'குடும்பத்தினரைச் சேருங்கள்'. இன்னொன்று, 'நண்பருக்குப் பரிசளியுங்கள்'. போகிறேன் என்கிறவனுக்கு ஒன்றும் இல்லை. மேலே தேடினார், ஓரத்தில் தேடினார்.

"வர்றவனுக்கு வாசல் இவ்வளவு பெருசா வச்சிருக்கீங்க, போறவனுக்கு ஒரு சந்துகூடக் காணோம்," என்றார். கொஞ்சம் நிறுத்தி, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "சில பேரு கட்டினவன் வீட்டை விட்டு வெளிய வர மட்டும் வழி சட்டுன்னு கண்டுபிடிச்சுடுறாங்க. அவங்களைக் கேட்டா தெரியும்."

மூத்தவளின் கையில் இருந்த பேனா நின்றது.

"நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு சொல்லுங்க," என்றாள். வாய் அடைத்துக்கொண்டால் பேச வைப்பதற்காக அவர்கள் வைத்திருக்கிற வாசகமாம் அது. பேசிக்கொண்டிருந்தவரிடமே அதைச் சொன்னாள்.

"அதைத்தானே சொன்னேன்," என்றார் அவர்.

வழி எங்கே இருந்தது என்றால், பக்கத்தின் அடியோரத்தில், காப்புரிமை, முகவரி என்று யாரும் படிக்காத பொடி எழுத்துகளுக்கு நடுவில், வெள்ளைத் தரையில் சாம்பல் தூவியது போல 'பிற' என்று ஒரு வார்த்தை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்து அதைக் கண்டுபிடித்தார். எழுத்தை மறைப்பது என்று முடிவு செய்துவிட்டால் எழுதாமலே இருந்திருக்கலாமே, எதற்கு இந்தக் கண்ணாமூச்சி என்று கேட்டார். கண் ஆஸ்பத்திரிக்காரனோடு கூட்டு வைத்திருக்கிறீர்களா என்றும் கேட்டார். மூத்தவள் குறித்துக்கொண்டாள்.

'பிற' என்பதற்குள் போனால் இன்னொரு கதவு. அதற்குள் ஏன் போகிறீர்கள் என்று ஒரு கேள்வி. காரணத்தைச் சொன்னால், போகாமல் இருந்தால் ஒரு மாதம் இலவசம் என்று ஒரு லஞ்சம். வேண்டாம் என்றால், கன்னத்தில் கை வைத்துச் சோகமாக நிற்கிற ஒரு டாக்டர் பெண்ணின் படம். செத்தவன் வீட்டில்கூட இவ்வளவு நடிப்பு இருக்காது என்று அவர் ஆரம்பித்தார். அந்தப் பெண்ணுக்குத் தலையில் எண்ணெய் வைக்கவில்லை என்பதிலிருந்து அவளைப் பெற்றவர்கள் வரைக்கும் போய்த் திட்டிக்கொண்டிருக்கும்போதே திரை வெளுத்தது. 'நீண்ட நேரம் நீங்கள் செயல்படாததால் மீண்டும் தொடங்கவும்' என்று ஒரு வரி வந்தது.

"நானா செயல்படாம இருந்தேன்? இவ்வளவு நேரம் திட்டிக்கிட்டு இருந்தேனே, அது என்ன?"

ஓரத்தில் பொடிசாக ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரைத் திரும்பத் தயார் செய்ய வேண்டும், சார் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்றாள் மூத்தவள். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

தண்ணீர் மிஷின் பக்கத்தில் சின்னவன் காத்திருந்தான். அப்பா கையில் டம்ளரைக் கொடுத்து, காதருகே வந்து விஷயத்தைக் கொட்டினான். இந்தப் பக்கங்கள் அக்கா செய்தவை. இதுவரைக்கும் உட்கார்ந்த யாராலும் வெளியே வர முடியவில்லை, எல்லாரும் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். கம்பெனிக்கு வேண்டியதே அதுதான். இன்றைக்கும் ஆள் எழுந்துவிட்டால், சாயங்காலம் அக்காவின் பக்கத்தையே எடுத்துக்கொள்வார்கள், அவளை இங்கேயே தலைமையாக உட்கார வைப்பார்கள். ஆள் வெளியே வந்துவிட்டால் இன்னொருத்தன் செய்தது ஜெயிக்கும், அக்காவை அடுத்த வாரமே தூரத்து ஊர் ஆபீசுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"அம்மா ஆபரேஷன் முடிஞ்சு எங்க போய்ப் படுப்பாங்க, யோசிங்க. நடுவுல முடியலன்னு சொல்லி எழுந்துடுங்கப்பா. அவ்வளவுதான்."

லிஃப்ட்காரர் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"எந்த மிஷின்கிட்டயும் முடியலன்னு நான் சொன்னதில்லடா."

"மிஷின்கிட்ட எங்க சொல்லச் சொன்னேன்?"

அவள்தான் உன்னைச் சொல்லச் சொன்னாளா என்று கேட்டார். தெரிந்தால் என்னைக் கொன்றுபோடுவாள் என்றான் சின்னவன். அவன் அதைக் கண்ணைப் பார்த்துச் சொன்னதால் அவர் நம்பினார். நம்பியதில் கோபம் இன்னும் ஏறியது. திட்டுவதற்கு என்று கூட்டிவந்து தோற்றுப்போகச் சொல்கிறான் பெற்ற பிள்ளை. பெற்ற பெண்ணோ கதவில்லாத அறை கட்டிப் பிழைக்கிறாள்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் கை வேகமாக ஓடியது. வழி தெரிந்துவிட்டதே. அடியோரம், 'பிற', காரணம், இலவச மாதம், சோகப் பெண். ஒவ்வொன்றையும் தாண்டத் தாண்ட மூத்தவளின் முகம் இறுகுவது அவருக்கு ஓரக்கண்ணில் தெரிந்தது. அது அவருக்கு இனித்தது. வாயும் சும்மா இருக்கவில்லை.

"லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா திறந்து விடுறதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம். இங்க மாட்ட வைக்கிறதுக்குச் சம்பளம் தர்றாங்க. நல்ல பொழப்பு. இவங்களைப் பெத்து வளர்த்தவனை நிக்க வச்சுக் கேக்கணும்."

மூத்தவள் எட்டி மைக்கைக் கையால் பொத்தினாள்.

"கதவு மூடுற பொத்தான் என்ன ஆச்சு சார்?"

அவருக்கு முதலில் புரியவில்லை.

"பெரிய கட்டடத்து லிஃப்ட். ஜனங்க அழுத்தி அழுத்திக் கெடுக்கிறாங்கன்னு ஒயரைப் பிடுங்கிட்டு, பொத்தானை மட்டும் விட்டு வச்சீங்க. அது தெரியாம எல்லாரும் அழுத்திக்கிட்டே நிக்கிறதை வீட்ல வந்து நடிச்சுக் காட்டுவீங்க. நாங்க சாப்பாட்டுத் தட்டு முன்னாடி விழுந்து விழுந்து சிரிப்போம்." அவள் குரல் உயரவே இல்லை. "நான் இந்தத் தொழிலை எங்க கத்துக்கிட்டேன்னு நினைக்கிறீங்க?"

லிஃப்ட்காரருக்குக் காது சூடேறியது.

"அதுல யாரும் மாட்டிக்கல. கதவு தானா மூடும்."

"அவங்களை முட்டாளாக்குறதுதானே முக்கியம். மூடினா என்ன, மூடலைன்னா என்ன."

கண்ணாடிச் சுவரில் யாரோ விரலால் தட்டினார்கள். அவள் கையை எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, "நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு சொல்லுங்க," என்றாள்.

அவர் என்ன நினைத்தார் என்றால், இவளைத் தோற்கடித்துவிட்டுத்தான் இந்த நாற்காலியை விட்டு எழ வேண்டும் என்று நினைத்தார். அதை மட்டும் வாயால் சொல்லவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போனார்.

அதுதான் கடைசிப் பக்கம். படம் இல்லை, லஞ்சம் இல்லை. பச்சையில் ஒரு பெரிய பொத்தான்: 'என் குடும்பத்துக்காகத் தொடர்கிறேன்.' அதற்குக் கீழே, சாம்பல் நிறத்தில், சின்னதாக இன்னொன்று. அதை அழுத்தினால் வெளியே போய்விடலாம். லிஃப்ட்காரர் ஐந்தாவது தாண்டாதவர். புது வாக்கியத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். உரக்கவே படித்தார்.

"வேண்டாம். என்... குடும்பத்தின் மேல்... எனக்கு அக்கறை இல்லை."

படித்து முடித்த பிறகுதான் அது காதில் விழுந்தது. மாடிப்படியில் கேட்ட அதே வார்த்தை. அன்றைக்கு 'உங்களுக்கு' என்று இருந்தது, இன்றைக்கு அவர் வாயாலேயே 'எனக்கு' என்று வந்திருக்கிறது.

"இதை எழுதினது யாரு?"

பதில் சொல்லக் கூடாது என்பது விதி. மூத்தவள் பேனா மூடியைத் திருகித் திருகிக் கழற்றினாள், மாட்டினாள்.

அழுத்தினால் முடிந்தது. வெறும் பொத்தான். வாழ்நாள் முழுக்கப் பொத்தான்களோடு குப்பை கொட்டியவர் அவர். ஷாக் அடிக்கும் என்று தெரிந்தே தொட்டதெல்லாம் உண்டு. சுட்டியில் கை இருந்தது, அம்பும் சரியான இடத்தில் நின்றது. விரல் மட்டும் இறங்கவில்லை. மேலே கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. பக்கத்தில் இவள். இவளை வைத்துக்கொண்டு இதை அழுத்துவதா.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு சொல்லுங்க," என்றாள் அவள். இந்த முறை குரல் பாடம் ஒப்பிக்கிற குரலாக இல்லை.

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். காலையிலிருந்து தங்குதடையில்லாமல் வந்துகொண்டிருந்த வாயில் காற்றுதான் வந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"முடியல. எழுதிக்குங்க."

கதவைத் தள்ளிக்கொண்டு வெள்ளை ஷூக்காரன் உள்ளே வந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அந்தக் கடைசி வரி தங்கம், அதைத் தாண்டி ஒருத்தர்கூடப் போகவில்லை, இந்த சார் எவ்வளவு பிடிவாதமான ஆள், இவரையே நிறுத்திவிட்டது என்று மூத்தவளிடம் சொல்லிக்கொண்டே போனான். எதிரில் நிற்கிறவருக்குக் காது இருக்கிறது என்பதே அவனுக்கு நினைவில்லை. பொறியில் விழுந்த எலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறியை மெச்சுகிற மாதிரி இருந்தது.

மூத்தவள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. திறந்த கதவு வழியாக வெளியே தம்பியைப் பார்த்தாள். அவன் நெஞ்சில் கை வைத்து, நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அவன் சொன்னானா?" என்று லிஃப்ட்காரரைக் கேட்டாள்.

"சொன்னான்."

"அதனாலதான் எழுந்தீங்க."

"அதனால இல்ல."

"வேற எதனால?"

திரும்பவும் காற்றுதான் வந்தது. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். உண்மையாகவே காத்திருந்தாள், அது அவருக்கும் தெரிந்தது. அப்புறம் அவள் முகத்தில் ஒரு கதவு சாத்திக்கொண்டது.

"அன்னைக்கு எனக்காக ஒரு வார்த்தை பேச மனசு வரல. இன்னைக்குப் பிச்சை போட மட்டும் வருது. எனக்கு வேண்டாம்."

வெள்ளை ஷூக்காரன் பக்கம் திரும்பினாள்.

"இவர் என் அப்பா. இந்தச் சோதனை செல்லாது."

அவன் சிரிப்பு அப்படியே முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது, எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி. மூத்தவள் கழுத்து அட்டையைக் கழற்றி மைக் பக்கத்தில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் உள் பக்கமாக நடந்து போனாள்.

கீழே இறங்கும்போது லிஃப்டில் அப்பனும் மகனும் மட்டும். கதவு திறந்தபடியே நின்றது. லிஃப்ட்காரர் மூடுகிற பொத்தானை அழுத்தினார். இன்னொரு தடவையும் அழுத்தினார். சின்னவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டில் சின்னவன்தான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கத்துவாள் என்று லிஃப்ட்காரர் தயாராக உட்கார்ந்திருந்தார். தட்டு, டம்ளர் எதுவும் சத்தம் போடவில்லை. வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு வந்து எதிரே நின்றாள்.

"ஒரு தடவை அவகிட்டத் தோத்துட்டு வர உங்களால முடியாதா?"

"தோத்துட்டுத்தான் வந்தேன்."

"தோத்தவர் அவ வேலையில மண்ணைப் போட்டுட்டு வருவாரா?"

அவள் நம்பவில்லை. அவள் இடத்தில் இருந்தால் அவரும் நம்பியிருக்க மாட்டார். மூத்தவள் சாயங்காலமே போன் செய்துவிட்டாளாம். கூட்டத்தில் இன்னொருத்தன் பக்கம் ஜெயித்துவிட்டது, அவளை அடுத்த வாரம் தூரத்து ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். போக வேண்டுமா, வேலையையே விட்டுவிடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லையாம். ஆபரேஷன் முடிந்து வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் லிஃப்ட்காரர். மனைவி அவரை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"நீங்களா," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அதற்கப்புறம்தான் அங்கே பாத்திரங்கள் பேச ஆரம்பித்தன.

அவர் போன் சிணுங்கியது. காலையில் சின்னவன் அவர் நம்பரை அந்தக் கம்பெனியில் கொடுத்திருந்தானே, அங்கிருந்து வந்திருந்தது. மனிதன் எழுதியது இல்லை, மிஷினே அனுப்புவது. 'இன்றைய உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?' என்று கேட்டிருந்தார்கள். கீழே ஐந்து நட்சத்திரம். அதற்கும் கீழே எழுதுவதற்கு ஒரு பெட்டி. பெட்டிக்கு அடியில், பழைய சாம்பல் நிறத்தில் ஒரு வரி. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதையும் எழுத்துக் கூட்டினார். 'உங்கள் பதிலை உங்கள் சோதனையை நடத்தியவர் மட்டுமே படிப்பார்.'

அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவள் படிப்பாளா, அவளுக்குப் போகுமா, அந்த வெள்ளை ஷூக்காரன் கைக்குத்தான் போகுமா, யார் கண்டது. இந்தக் கூட்டத்தின் எழுத்தை நம்புகிற ஆள் அவர் இல்லை. இருந்தாலும் ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். எழுதித் தரட்டுமா என்று வந்த சின்னவனை, வேலையைப் பாருடா என்று துரத்தினார்.

முதலில் வெள்ளை ஷூக்காரனைப் பற்றி நாலு வார்த்தை எழுதினார். நன்றாகவே வந்தது. படித்துப் பார்த்துவிட்டு அழித்தார். அப்புறம், 'உனக்குப் பிச்சை போட நான் எழுந்திருக்கவில்லை' என்று எழுதினார். அது சரி என்று பட்டது. அடுத்த வரிக்குத்தான் நேரம் பிடித்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, தப்பை அழித்து, திரும்பத் தேடி, 'அந்த வார்த்தை நீ மாடிப்படியில் சொன்னது, அதை அழுத்தினால் நானே' என்கிற வரைக்கும் வந்தார். அடுத்து என்ன போடுவது என்று மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

திரும்பியபோது திரை வெளுத்திருந்தது. 'நீண்ட நேரம் நீங்கள் செயல்படாததால் மீண்டும் தொடங்கவும்.'

மூலையில் அந்தக் கடிகாரம். அவள் வைத்த கடிகாரம். இங்கேயும் இருந்திருக்கிறது, இந்தத் தடவையும் அவர் பார்க்கவில்லை. லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். காலையில் அந்த அறையில் வராமல் போனதெல்லாம் இப்போது மடை உடைந்த மாதிரி வந்தது. அந்தக் கடிகாரத்தை, அதை வைத்தவளை, அவள் திமிரை, பெட்டியைக் கீழே வைக்காமல் போன அந்தக் கையை, ஒன்றையும் விடவில்லை.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. யாரைத் திட்டுறீங்க என்று மனைவி அங்கிருந்தே கேட்டாள்.

"என் பொண்ணைத்தான்," என்றார் லிஃப்ட்காரர்.

பாத்திரங்கள் அதற்கப்புறம் பேசவில்லை. அவர் வேட்டி முனையில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இந்தத் தடவை ஒரு கண்ணைக் கடிகாரத்தின் மேலேயே வைத்துக்கொண்டு, முதல் எழுத்தைத் தேட ஆரம்பித்தார்.